அறுபதுக்கு மேல் வீட்டோடு மாப்பிள்ளை

நான் மலேசியாவுக்கு வந்தபின், கும்பகோணத்தில் என்னோடு வங்கியில் குப்பை கொட்டியவர்கள் தொலைபேசியில் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. அங்கே இட்லி கிடைக்கிறதா? மலாய் கற்றுக்கொண்டாயா? இட்லி கிடைக்கிறது. மலாய் இல்லாமலே ஒரு நாளை இங்கே ஓட்டிவிடலாம். கோயிலில் தமிழ், மளிகைக் கடையில் தமிழ், முடிதிருத்தும் கடையில் தமிழ், பக்கத்து வீட்டுச் சண்டை கேட்பதும் தமிழில்தான். வெளிநாட்டில் ஓய்வுக்காலம் என்றால் மொழியும் சாப்பாடும்தான் சிரமம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவை இரண்டும் எனக்கு முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டன. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மலேசியக்காரி. கல்லூரிப் படிப்புக்காகத் திருச்சிக்கு வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டாள். கடவுச்சீட்டை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்றபோது இங்கே என் அத்தை, அதாவது அவள் அம்மா, தனியாக இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மகன் கோயம்புத்தூரில் வேலையோடு இருக்கிறான், அவனுக்கு நாங்கள் தேவையில்லை. எனவே வீட்டைப் பூட்டிவிட்டுச் சுங்கை சிப்புட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது தெரிந்ததே. அறுபதுக்கு மேல் அந்தப் பதவி கிடைத்தால் ஊருக்கு முன் நாமே சிரித்துவிடுவது நல்லது.

பேரா மாநிலத்தில், ஈப்போ நகருக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். பழைய நெடுஞ்சாலையை ஒட்டிக் கடை வரிசை, ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊருக்கு ஒரு தேதி உண்டு. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்து 1960 வரை நீடித்தது. அத்தை அப்போது சிறுமி. நான் ஆவலோடு கேட்டபோது, “அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள், தொழிலாளர் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். இந்த ஊரில் அறிமுகமாகும் எவரும், நம் வயதை ஒத்தவராக இருந்தால், பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது “எந்தத் தோட்டம்?” என்பதுதான். தோட்டத்தின் பெயரைச் சொன்ன உடனே மற்றது தானாக வரும். அங்கே கிராணியாக, அதாவது தோட்டத்துக் கணக்கராக, இருந்தவர் யார், திருவிழா எந்த மாதம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள். இரண்டு கிழவர்கள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து முடிப்பதற்குள் ஒரு முழுத் தோட்டமே மேசையில் வந்து நிற்கும். கும்பகோணத்தில் எந்தத் தெரு என்று கேட்பதில் உள்குத்து ஒன்று உண்டு, சாதியைக் கேட்காமல் கேட்கும் கேள்வி அது. இங்கேயும் கல்யாணப் பேச்சு வந்தால் சாதி மெல்லத் தலை நீட்டுகிறது. ஆனால் தேநீர்க் கடைக்குத் தோட்டமே போதும்.

எனக்குத் தோட்டம் கிடையாது. கும்பகோணம் என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். கோயில், வெற்றிலை என்று இரண்டு வார்த்தை வரும், பிறகு பேச்சு என்னைத் தாண்டிப் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதற்கு இங்கே தனி மதிப்பு எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

இதில் வேடிக்கை, அவர்கள் சொல்லும் தோட்டங்களில் பல இன்று இல்லை. அத்தை பால் மரம் (ரப்பர்) சீவிய தோட்டம் இப்போது வீட்டு மனை. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைச் சிலர் வாங்கித் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, வேலையோடு வீடும் சேர்ந்தே போயிற்று. தோட்டத் துண்டாடல் என்று இன்றும் ஒரு கெட்ட சம்பவத்தைச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அதற்கு மருந்தாக, இந்த ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையில் பங்கு வாங்கினார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. அத்தையும் பங்கு சேர்ந்தவர். அந்தப் பழைய காகிதங்களை பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். பாஸ்புக்குகளைப் பார்த்தே காலம் கழித்த எனக்கு அவற்றைப் புரட்டக் கை அரித்தது. டின்னைக் கொடுத்தார், ஆனால் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

எதிர் வீட்டுக்காரர் இறந்தபோதுதான் என் இடம் எது என்பது தெரிந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். செய்தி வந்த சில மணி நேரத்தில் தெருவை அடைத்துக் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, பெரிய மின்விசிறி. கடைக்காரச் சீனர் தண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு, ஒரு வெள்ளை உறையைக் கொடுத்துக் கைகூப்பிவிட்டுப் போனார். மூலை வீட்டு மலாய்க்காரர் தன் காரை வெளியே எடுத்து, வருகிறவர்களின் வண்டிகளுக்கு வாசலை ஒழித்துக் கொடுத்தார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன். ஊரில் என்றால் பாடைக்கு மூங்கில் வெட்டுவதிலிருந்து எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கருத்து இருக்கும். ஒருவர் வந்து, “மாப்பிள்ளை, நீங்கள் பேங்க்கில் இருந்தவர்தானே” என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கையில் திணித்தார்.

கொடுக்கிற பணத்தை எழுதும் வேலை. நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டிருந்தது. பெயர், தோட்டம், தொகை. பத்து வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), இருபது, ஐம்பது என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, கேட்காமலே தோட்டத்தையும் சொன்னார்கள். ஈப்போவில் அடுக்குமாடியில் வளர்ந்த பையன்கள்கூட அப்பாவின் தோட்டத்தைச் சொன்னார்கள். கூட்டம் குறைந்ததும் நான் என் பங்கை வைத்துப் பெயரை எழுதினேன். நடுப் பத்தியில் பேனா நின்றது. பக்கத்தில் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அத்தையின் தோட்டத்தைச் சொன்னார். எழுதினேன். அதிலிருந்து தேநீர்க் கடையில் என்னை யாரும் கேட்பதில்லை, அவர்களே எனக்காகச் சொல்லிவிடுகிறார்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். காலை ஆறு மணிக்கு இங்கே கும்மிருட்டு, சூரியன் ஏழுக்கு மேல்தான் தலை காட்டும். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததன் பலன் அது. ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்காட்டியில் அமாவாசை பிறக்கும் நேரத்தோடு இரண்டரை மணி கூட்டவேண்டும் என்று அத்தையிடம் கணக்குச் சொன்னேன். கோயிலில் கொடுத்த நாட்காட்டியைக் காட்டி, இதில் கூட்டாமலே இங்கத்து நேரம் இருக்கிறதே என்றார்.

காப்பி விஷயத்தில் மட்டும் நான் சமாதானம் செய்துகொள்வதாக இல்லை. இங்கே கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டுக் கருக வறுத்து, துணிப் பையில் வடித்து, டின் பாலை ஊற்றுகிறார்கள். குடிக்கலாம், ஆனால் காப்பிக்காகக் குடிக்க முடியாது. திருச்சியிலிருந்து நேர் விமானத்தில் வரும் உறவினர்கள் தூள் கொண்டுவருகிறார்கள். பாலுக்கு ஒருவர் இருக்கிறார். அவருடைய மாடுகள் செம்பனைக்கு அடியில் மேய்கின்றன. காய்ச்சி இறக்கினால் ஆடை கட்டுகிறது, அது போதும்.

இனிக் காகிதம். நான் இங்கே இருப்பது மலேசியரின் கணவன் என்ற முறையில் கொடுக்கப்படும் நீண்டகால அனுமதியில். புதுப்பிக்கும்போது மனைவியும் நேரில் வந்து எனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும். ஊர் முழுக்க ஜாமீன் கையெழுத்து வாங்கிப் பழகியவன் நான். அரசாங்க மருத்துவமனையில் அவளுக்கு ஒரு ரிங்கிட், எனக்கு வெளிநாட்டவர் கட்டணம். எங்கள் மகன் கும்பகோணத்தில் பிறந்ததால், தாய் வழியில் தானாகக் குடியுரிமை கிடைக்கவில்லை. அப்பா மலேசியராக இருந்திருந்தால் கதை வேறு. அந்தச் சட்டத்தைத் திருத்த 2024இல்தான் நாடாளுமன்றம் வாக்களித்தது. மனைவி அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள். நவம்பர் வந்தால் நான் உயிரோடு இருப்பதை ஓய்வூதியத்துக்காக இந்தியாவுக்கு நிரூபிக்கவேண்டும். அந்த ஓடிபிக்காகவே ஓர் இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்.

நண்பர்கள் சிலர் தாங்களும் மலேசியாவுக்கு வரலாமா என்று கேட்கிறார்கள். உறவு வழி இல்லாதவர்களுக்கு ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற திட்டம் இருக்கிறது. 2024இல் மாற்றிய விதிப்படி, அதன் ‘சில்வர்’ பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை. கூடவே குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்கவேண்டும். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், அந்த விலைக்கு வீடு விற்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அதாவது, பணம் இருப்பவர்கள் வந்து குடியேறுவது இந்த மாதிரி ஊர்களில் அல்ல. அவர்கள் பார்க்கும் மலேசியாவில் காவலாளி கேட்டைத் திறப்பார், யாரும் எந்தத் தோட்டம் என்று கேட்கமாட்டார்கள்.

அப்படியும் ஆசை தீராதவர்கள் முதலில் சும்மா வந்து பாருங்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். விடுதியில் தங்காதீர்கள், யார் வீட்டிலாவது தங்குங்கள். இங்கே நடந்து போகிறவர்கள் இல்லை, கார் ஓட்டத் தெரியாத மனிதன் குழந்தைக்குச் சமம். பால், பத்திரிகை, மருந்து எல்லாவற்றுக்கும் மனைவியின் மைவி காரில் பக்கத்து இருக்கைதான் என் இடம். எனவே ஒரு நாள் யாரிடமும் வண்டி கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் நின்று ஈப்போவுக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். வீட்டு விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.