ஓசேஜ் அவென்யூவின் சாட்சியப் பெட்டிகள்

பிலடெல்ஃபியாவில் ஒரு நூலகத்தின் ஆவணப் பிரிவில் நான் செய்த பணிகளுள் மனத்தை அதிகம் அலைக்கழித்தது, 1985 மே 13 அன்று நகர நிர்வாகம் தன் குடிமக்கள் வாழ்ந்த வீட்டின்மீது குண்டு வீசியதை விசாரித்த ஆணையத்தின் பதிவுகளை ஆய்வாளர்களுக்கு எடுத்துக் கொடுத்த பணியே.

அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் மூவ் என்ற கறுப்பின விடுதலை அமைப்பினர். அதை 1972இல் ஜான் ஆப்பிரிக்கா தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் அனைவரும் ஆப்பிரிக்கா என்பதையே குடும்பப் பெயராக ஏற்றார்கள். 1978 ஆகஸ்டில் நகரின் பவல்டன் வில்லேஜ் பகுதியில் நடந்த காவல்துறை முற்றுகையில் ஜேம்ஸ் ராம்ப் என்ற காவலர் இறந்தார். அதற்காக அமைப்பினர் ஒன்பது பேருக்கு 30 முதல் 100 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களை விடுவிக்கக் கோரி, ஓசேஜ் அவென்யூ 6221ஆம் எண் வீட்டிலிருந்து ஒலிபெருக்கி ஓயாமல் முழங்கியது. அதைத் தாங்க முடியாமல் நகராட்சியிடம் முறையிட்ட அண்டை வீட்டாரும் கறுப்பின மக்களே. உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கியவர்கள். உதவி கேட்ட அவர்களுடைய வீடுகளும் சாம்பலாயின என்பதை இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் எளிதில் கடந்து சென்றுவிடுகிறார்கள்.

1985 மே 13 காலை ஒன்றரை மணி நேரத்தில் காவல்துறை 10,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டது. மாலையில் ஹெலிகாப்டரிலிருந்து, கூரைமேல் கட்டப்பட்டிருந்த பதுங்கறையைக் குறிவைத்துக் குண்டு வீசப்பட்டது. பற்றிய தீயை உடனே அணைக்காமல் எரியவிட்டார்கள். ஐந்து குழந்தைகள் உட்பட 11 பேர் மாண்டனர், 61 வீடுகள் அழிந்தன. அந்த வீட்டிலிருந்து உயிரோடு வெளிவந்தவர்கள் ரமோனா ஆப்பிரிக்காவும் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் மட்டுமே.

சாட்சியங்களைத் தொடர்ந்து படிக்கும்போது என்னை அதிரவைத்தது குண்டைவிடத் தீயைப் பற்றிய பக்கங்கள்தான். தீயை அணைக்கும்படி தாம் சொன்னதாக, நகரின் முதல் கறுப்பின மேயரான வில்சன் கூட் சாட்சியமளித்தார். அந்த ஆணை யாரிடம், எப்போது போய்ச் சேர்ந்தது என்பதில் அதிகாரிகளின் கூற்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தீயையே ஓர் ஆயுதமாகப் பயன்படுத்திய முடிவு மனசாட்சிக்குப் புறம்பானது என்று ஆணையம் 1986 மார்ச்சில் எழுதியது. ஆனால் அதிகாரிகளில் ஒருவர்மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. தீயிலிருந்து தப்பிய ரமோனாதான் ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்தார். இந்த அநீதியை நடுநிலை என்ற பெயரில் மழுப்பிப் பேச எனக்கு மனமில்லை. மூவ் அமைப்பினரின் நடத்தையைப் பற்றி அண்டை வீட்டார் சொன்னவை அத்தனையும் உண்மையென்றே கொண்டாலும், குழந்தைகள் உள்ளே இருப்பதை அறிந்தும் ஒரு வீட்டை எரியவிடுவதற்கு அது காரணமாகாது.

2020 நவம்பரில் நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அடுத்த ஆண்டிலேயே, தீயில் இறந்த குழந்தையுடையவை எனக் கருதப்பட்ட எலும்புகள் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்ததும், இணையவழி வகுப்பொன்றில் காட்டப்பட்டதும் வெளியே வந்தன. குண்டுவீச்சில் இறந்தவர்களின் வேறு சில எச்சங்களை உறவினர்களிடம் சொல்லாமலே எரித்துவிடும்படி 2017இல் உத்தரவிட்டிருந்ததற்காக நகரின் சுகாதார ஆணையர் பதவி விலகினார். எரிக்கப்பட்டதாக நம்பப்பட்ட அந்த எச்சங்கள் இருந்த பெட்டி மறுநாளே சேமிப்பறையில் கண்டெடுக்கப்பட்டது. எங்கள் தொழிலில் ஒரு கடிதத்துக்குக்கூட அது யாரிடமிருந்து வந்தது, இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற குறிப்பு உண்டு. அந்தக் கவனம்கூட இறந்த பிள்ளைகளின் உடல் எச்சங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் இளையவர்களுக்கு இந்தப் பெட்டிகளை அறிமுகப்படுத்தும்போது நான் ஆணையத்தின் இறுதி அறிக்கையை முதலில் தருவதில்லை. தீயைப் பற்றிய சாட்சியங்களைக் கொடுத்து, அன்று மாலை யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.