லெதிசியாவுக்கு நன்மை கொடுக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை யூடியூபில் ஜெபமாலை தேடப் போய், ஸ்பெயின் இளவரசர் கல்யாணத்தில் உட்கார்ந்துவிட்டாள். 2004 மே 22, மாட்ரிட், அல்முதேனா பேராலயம். ஃபெலிப்பே மாப்பிள்ளை, டிவியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த லெதிசியா பெண். பூசை வைத்தவர் கர்தினால் ரொவுக்கோ வரேலா.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அவளுக்கு இது ரெண்டாவது கல்யாணம் அத்தை" என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஏட்டி, அறுத்துக்கட்டினவளுக்கு எப்படி கோயில்ல கல்யாணம்? நன்மை வேற குடுக்காங்க!"

நன்மை என்றால் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம். அத்தையின் கோபம் நியாயமானதுதான். எங்கள் பங்குக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லச் சொல்லி, குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) முடித்த பிறகுதான் கல்யாணம். அதில் வளர்ந்தவள் அவள்.

விஷயம் இதுதான். லெதிசியா 1998இல் செய்தது பதிவுத் திருமணம். கத்தோலிக்கர் ஒருவர் திருச்சபை அனுமதித்த குரு அல்லது தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலைத் திருத்தொண்டர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கட்டினால்தான் பொதுவாக அது மெய்விவாகம். சிறப்பு அனுமதி இல்லாமல் அரசு அலுவலகத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டால், திருச்சபைக் கணக்கில் கல்யாணமே நடக்கவில்லை. அதனால் விவாகரத்தும் அங்கே தடையாக நிற்கவில்லை. முதல் கல்யாணம் கோயிலில் நடந்திருந்தால் கதையே வேறு. அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால்தான் அடுத்த கல்யாணம்.

"அப்போ கோயில்ல கட்டினவளுக்குத்தான் கஷ்டம்" என்றாள் அத்தை. என்னிடம் பதில் இல்லை.

நன்மை வரிசையை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். விருந்தாளிகளில் இங்கிலாந்து இளவரசர் சார்லஸும் இருந்தார். ஆங்கிலிக்கன். இப்படி வேறு சபைக்காரர்கள் கத்தோலிக்கப் பூசையில் சாதாரணமாக நன்மை வாங்குவதில்லை, ராஜாவானாலும் சரி. கத்தோலிக்கர் வேறு சபைக்காரரைக் கட்டும்போது பூசையே இல்லாமல் வாசகங்களோடு முடிப்பதுகூட இதனால்தான். பாதிக் குடும்பம் வாங்க, பாதிக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமே.

ஃபெலிப்பேயின் அம்மா சோஃபியா கிரேக்க ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பெண். 1962இல் ஏதென்ஸில் ஒரே நாளில் கத்தோலிக்கக் கோயிலில் ஒருமுறை, ஆர்த்தடாக்ஸ் கோயிலில் ஒருமுறை என்று அவருக்குக் கல்யாணம் நடந்தது. மகனைப் பீடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனதும் அவர்தான். ஸ்பெயினில் மாப்பிள்ளைத் தோழி மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணின் அப்பா மற்றொரு பக்கம்.

எனக்குப் பிடித்தது 'அர்ராஸ்'. மோதிரம் போட்டதும் மாப்பிள்ளை பதின்மூன்று காசுகளைப் பெண்ணின் கைகளில் கொட்டுகிறான். கடவுள் ஆசிக்கு அச்சாரம், இனி உடைமை இருவருக்கும் பொது என்று பொருள். பதின்மூன்று ஏன் என்றால் ஏசுவும் பன்னிரண்டு சீடரும் என்பார்கள். மாதத்துக்கு ஒன்று, மிச்சம் ஒன்று ஏழைக்கு என்பாரும் உண்டு.

"தாலி?" என்றாள் அத்தை.

"கிடையாது."

"புறா போட்ட சின்னத் தாலிகூடவா?"

அப்புறம் தம்பதி வெளியே வந்தார்கள். மாட்ரிட்டில் அன்றைக்குக் கொட்டித் தீர்த்த மழை. சுமார் இரண்டு மாதம் முன்பு ரயில்களில் குண்டு வெடித்த ஊர். ஊர்வலம் அத்தோச்சா மாதா கோயிலுக்குப் போனது. லெதிசியா தன் பூச்செண்டை மாதாவுக்கு வைத்தாள். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஜன்னலில் வழியும் மழையையே பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சின்னப் பிள்ளையில பச்சரிசி நிறைய தின்னுருப்பா போல."