6.1 மில்லிமீட்டரும் ஒரு பழைய டிஸ்சார்ஜ் தாளும்

சிங்கப்பூரில் ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சை எடுத்தேன். முட்டை எடுத்ததும் மூன்று கருவை உறைய வைத்ததும் பிரச்சினையில்லாமல் முடிந்தது. வயிறு உப்பிப்போய் நாலு நாள் படுத்தேன், அவ்வளவுதான். கருவை உள்ளே வைக்கிற கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

லைனிங், அதாவது கரு ஒட்டிக்கொள்ளும் கருப்பையின் உள்படலம், 7 மில்லிமீட்டராவது வந்தால்தான் பெரும்பாலும் வைப்பார்கள். 8 தாண்டினால் அவர்களுக்கும் நிம்மதி. எனக்குப் பன்னிரண்டாம் நாள் ஸ்கேனில் 5.8. லைனிங்கை வளர்க்கிற ஹார்மோன் மாத்திரை புரோகைனோவாவைக் கூட்டினார்கள். ஒரு வாரம் கழித்து, அரை நாள் லீவு போட்டு ஈஷூனிலிருந்து ரயிலேறிப் போனால் 6.1. "இந்த மாதம் வேண்டாம்" என்றார் டாக்டர்.

மாமியார் தேக்கா மார்க்கெட்டிலிருந்து மாதுளையும் பீட்ரூட்டுமாகக் கொண்டுவந்து குவித்தார். குடித்தேன். மறுமுறை 6.3. (லைனிங்குக்கு அது மருந்தில்லை என்று அவரிடம் யார் சொல்வது?)

அப்போதுதான் ஸ்கேன் அறையில் இருந்த தமிழ் நர்ஸ் கேட்டார்: "அக்கா, முன்னாடி டி அண்ட் சி பண்ணியிருக்கீங்களா?" கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் அது. பண்ணியிருந்தேன், கரு கலைந்தபோது ஊரில். ஃபாரத்தில் 'கருச்சிதைவு: 1' என்று எழுதியதோடு சரி. சுரண்டியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆழமாகச் சுரண்டினால் லைனிங் முளைக்கும் அடி அடுக்கே தழும்பாகிவிடலாம், அந்த இடத்தில் எத்தனை ஹார்மோன் கொடுத்தாலும் வளராது என்று டாக்டர் விளக்கினார். அப்போதைய டிஸ்சார்ஜ் தாள் வேண்டுமாம்.

திருச்சியில் அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "நேர்ல வாங்கம்மா." நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். "அதுக்கு நான் என்ன பண்றது?" தம்பி போனான். ரெக்கார்ட் ரூம்காரர் லீவு. மறுபடி போனான். என் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். மூன்றாம் முறை கவுன்ட்டரில் வேறொரு அம்மா இருந்தார். பத்தே நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தார். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தாலும், இரண்டு முறை சுரண்டியதாக எழுதியிருந்தது படிக்க முடிந்தது.

ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்தார்கள், கருப்பைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பது. உள்ளே பாலாடை மாதிரி மெல்லிய ஒட்டல் இருந்ததாம், வெட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து 7.6, லைனிங் நன்றாக இருந்தால் ஸ்கேன் திரையில் தெரிகிற மூன்று கோடும் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து நாள் புரோஜெஸ்டெரோன் ஹார்மோன், ஆறாம் நாள் கரு வைத்தாயிற்று.

போகிறவர்களுக்கு: ஒவ்வொரு ஸ்கேன் எண்ணையும் நீங்களே கேட்டுக் குறித்து வையுங்கள். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போகணும், கரு வைக்கிற அன்று அடக்கிக்கொண்டு போகணும். நான் மாற்றிச் செய்து திட்டு வாங்கினேன். மெடிசேவிலிருந்து (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) முதல் சுற்றுக்கு 6,000, அடுத்ததற்கு 5,000, பிறகு 4,000 சிங்கப்பூர் வெள்ளி வரை எடுக்கலாம். கேன்சலான சுற்று இதில் எப்படிக் கணக்காகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பில்லைப் பார்த்து விழிக்காதீர்கள். எண் நல்லா வந்தாலே ஆச்சு என்றும் இல்லை: பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு 10 இருந்தும் இரண்டு முறை நிற்கவில்லை.

எனக்கு இப்போது எட்டாவது வாரம். போன செவ்வாய் திருச்சியிலிருந்து போன் வந்தது: "உங்க ரெக்கார்ட் தேடிட்டிருக்கோம்மா, கிடைச்சா நேர்ல வந்து வாங்கிக்கங்க."