இந்தத் தடவை மேட்டில்தான் டென்ட்

மைல்ஸ் ஸ்டாண்டிஷ் ஸ்டேட் ஃபாரஸ்டுக்கு ஜூனில் ஒரு நடை போய் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று வீட்டில் சொன்னேன். யாரும் உடனே மறுக்கவில்லை. போன தடவை நான் செய்த காரியத்துக்கு அதுவே பெரிய மனசு.

மாசசூசெட்ஸின் தென்கிழக்கில், பிளிமத், கார்வர் என்ற இரண்டு ஊர்களிலும் பரந்து கிடக்கிறது இந்தக் காடு. 12,000 ஏக்கருக்கு மேல். 1916-லேயே மாநில அரசு கைக்கு வந்துவிட்டது. குட்டையான பிட்ச் பைன் மரங்கள், அடியில் புதர் ஓக், கால் வைத்த இடமெல்லாம் மணல், நடுநடுவே குளங்கள். கூடாரம் போடும் இடங்களுக்குக் கூடக் குளத்தின் பேர்தான்: ஃபியரிங், சார்ஜ், கர்லூ, பாரெட்ஸ்.

போன வருஷம் மே கடைசியில் போயிருந்தோம். காற்றே படாத, கிண்ணம் மாதிரி ஓர் இடம். "பாரு, எவ்வளவு அடக்கமா இருக்கு" என்று பெருமையாக டென்ட் அடித்தேன். ராத்திரி மூன்று மணிக்குப் பையன் என் ஜாக்கெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிந்து பார்த்தால் டென்ட் ஜிப்பில் வெள்ளையாக உறைபனி. நகத்தால் சுரண்டித்தான் திறந்தேன்.

காரணம் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. பனியுகம் முடிந்து பனிப்பாறை பின்வாங்கியபோது பெரிய பெரிய பனிக்கட்டிகள் மணலுக்குள் புதைந்துபோயின. அவை உருகிய இடம் குழியானது. நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்ட குழி குளம்; தொடாதது வெறும் பள்ளம். குளிர்காற்று கனமானது, ராத்திரியில் தண்ணீர் மாதிரி வழிந்து அந்தப் பள்ளத்தில் தேங்கும். அங்கே மரங்கள்கூடச் சரியாக வளர்வதில்லை. அதை அப்போதே கவனித்திருக்கலாம்.

உண்ணி விஷயத்தில் மட்டும் போன தடவையே உஷார். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான், லைம் நோயைப் பெரும்பாலும் கொண்டுவருவது அதுதான். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடப்பது, ராத்திரி டார்ச் அடித்து முழங்கால் மடிப்பு, காது மடல், தலைமுடி எல்லாம் பார்ப்பது. பையனுக்கு மானக்கேடு. பரவாயில்லை.

விறகு கொண்டுபோகப் போவதில்லை. வெளியூர் விறகோடு மரம் துளைக்கும் வண்டும் ஏறி வந்துவிடும் என்பதால் அங்கே பக்கத்திலேயே வாங்கிக்கொள்வோம்.

தேதிதான் இன்னும் இழுபறி. வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் குளக்கரை அகலமாகும். அந்த ஈர மணலில் பிளிமத் ஜென்ஷன் என்று ஓர் இளஞ்சிவப்புப் பூ பூக்கும். அபூர்வமான பூ. ஜூனில் போனால் மொட்டுதான், ஆகஸ்ட்டில் போகலாம் என்கிறாள் மனைவி. கரையை மிதிக்காமல் தள்ளி நின்று பார்க்கணும் என்று பையனுக்கு இப்போதே உத்தரவு.

நேற்று ராத்திரி முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். ஆகஸ்ட்டில் தண்ணீரை ஒட்டி ஓர் இடம் காலி. படத்தில் அவ்வளவு அழகு. மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அழகு இருக்கட்டும். அது மேடா பள்ளமா, முதல்ல அதைப் பாருங்க."