செம்மறியின் இரண்டு முகங்கள்

பெல்ஜியத்தின் கெண்ட் பேராலயத்தில், பல பலகைகளைச் சேர்த்த பீட ஓவியத்தின் நடுவே கிறிஸ்துவுக்கு அடையாளமாக ஒரு செம்மறி நிற்கிறது. அதன் முகத்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருக்கும். ஓவியர்களான வான் எய்க் சகோதரர்களின் பட்டறையில் 1432-இல் முடிந்தது ஒரு முகம். 1550 வாக்கில் வேறு கைகள் அதன்மேல் தீட்டியது இன்னொன்று. மேற்பூச்சை எடுத்ததும் பழையது வெளியே வந்தது. வழிகாட்டியாக நான் இங்கே கூட்டி வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இதைத்தான் சொல்வேன். கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த அம்மாள் நகரவில்லை. இந்த ஊர்க்காரர், எழுபதைத் தாண்டியவர். "புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய வருஷம் என் அம்மா கூட்டி வந்து காட்டிய முகம் இது இல்லை" என்றார். நான் வழக்கம்போல, "நீங்கள் பார்த்தது மேற்பூச்சும்மா, அடியில் இருந்த அசல் இதுதான்" என்றேன்.

"அசலை ஜனங்கள் எத்தனை வருஷம் பார்த்தார்கள்?"

சுமார் 120 என்றேன்.

"மற்றதை?"

450-க்கு மேல்.

"அப்படியானால் இந்த ஊர் எந்த முகத்தைப் பார்த்து ஜெபித்தது?"

ஓவியர் வரைந்ததைக் காட்டுவதுதானே நியாயம் என்றேன். சரி என்பதுபோல் தலையசைத்தார். ஒத்துக்கொண்ட தலையசைப்பாக அது எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னது சரிதான். யாரோ மனம்போன போக்கில் சுரண்டிய வேலை அல்ல அது. அசலுக்கும் மேற்பூச்சுக்கும் நடுவே பழைய வார்னிஷ் இருந்தது. அசல் நல்ல நிலையில் இருப்பதை எக்ஸ்ரேயும் மற்றப் பரிசோதனைகளும் காட்டின. பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசித்தான் எடுக்க முடிவு செய்தார்கள். அதன் பிறகு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, சின்னக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். இன்னொன்றும் உண்டு. 1951 வாக்கில் தலையைச் சுற்றியிருந்த பச்சைப் பூச்சை மட்டும் எடுத்தபோது அசல் காதுகள் தெரிந்தன. மேலே தீட்டிய காதுகளும் அப்படியே இருந்தன. ஆக, அந்த அம்மாள் சிறுமியாக நின்று பார்த்தது நான்கு காதுள்ள செம்மறியை. இதை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது. சொல்லி என்ன? நான்கு காதோடுதான் அது அவருடைய செம்மறி.

அவர் பக்கமும் வலுவானது. 1566-இல் உருவங்களை உடைக்கிறவர்கள் கோயிலுக்குள் வந்தபோது கோபுரத்தில் ஒளித்துக் காப்பாற்றியது பூசிய முகத்தைத்தான். 1794-இல் பாரிசுக்குப் போனதும், இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரியாவின் உப்புச் சுரங்கத்தில் கிடந்ததும் அதுவே. ஊர் தவித்ததும் திரும்ப வந்ததும் கொண்டாடியதும் அந்த முகத்துக்காக.

அது சாதுவான முகம். கண்கள் ஆட்டுக்கு உரியபடி பக்கவாட்டில் இருக்கும், யாரையும் பார்க்காது. இப்போதுள்ள முகத்தில் கண்கள் முன்னால் நெருங்கி நம்மை நேராகப் பார்க்கின்றன. மூக்குத்துளை விரிந்து, உதடு இளஞ்சிவப்பாக இருக்கிறது. மார்பிலிருந்து ரத்தம் வளைந்து கிண்ணத்தில் விழுகிறது. பீடத் துணியின் மேல்விளிம்பில் 'இதோ, உலகின் பாவங்களைப் போக்கும் கடவுளின் செம்மறி' என்று லத்தீனில் பொன்னெழுத்து. அந்த வரிக்குப் பொருந்துவது இந்த முகம்தான். தெரிந்தே பலிக்கு வந்து நிற்கிற முகம். மேற்பூச்சை எடுத்த முகத்தின் படம் வெளியானபோது உலகமே கேலி செய்ததில் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஆனால் அதே ஓவியத்தில், 1934-இல் திருடுபோன 'நேர்மையான நீதிபதிகள்' பலகையின் இடத்தில் யெஃப் வான் டெர் வேக்கன் செய்த நகல் நிற்கிறது. ஆதாம் ஏவாளின் நிர்வாணம் கூடாதென்று 19-ஆம் நூற்றாண்டில் ஆடை உடுத்தி வரைந்த பலகைகளையும் இதே பேராலயம் வைத்திருக்கிறது. அவற்றையெல்லாம் வரலாறு என்று நானே நின்று விளக்குகிறேன். 1550-இன் பூச்சு மட்டும் ஏன் போக வேண்டியதாயிற்று? நகல்களுக்கு அடியில் எதுவும் மறைந்து கிடக்கவில்லை, அதனால்தான். இந்தப் பதில் எனக்குப் போதும். அவருக்குப் போதுமா என்று கேட்டால், போதாது. வான் எய்க்கின் கையை மீட்டுவிட்டோம். 450 வருஷம் முழங்காலிட்டவர்கள் பார்த்தது இனி புகைப்படத்தில் மட்டும்தான்.

மேல்வரிசைப் பலகைகளில் வேலை 2023-இல் தொடங்கியது. அங்கேயும் மேற்பூச்சு உண்டு. என்னைக் கேட்டால் எடுக்கத்தான் சொல்வேன்.

இப்போதெல்லாம் பூசியிருந்த முகத்தின் படத்தையும் குழுவுக்குக் காட்டுகிறேன். எது சரி என்று சொல்லாமல் இரண்டையும் முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதாக எண்ணம். யாராவது ஒருவர் பூசியதுதான் அழகு என்பார். பேசாமல் அடுத்த பலகைக்குப் போய்விடலாம். என்னால் முடிவதில்லை, வான் எய்க்குக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறேன்.