ஓரேபில் எலியா
இஸ்ரவேலின் அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிய தீர்க்கதரிசி எலியா, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவை வேண்டியபோது, தேவன் அவருக்கு முதலில் தந்தது தூக்கமும், தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும். (பிரசங்கங்களில் இந்த இடத்தை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.) அதன் பலத்தில் 40 நாள் நடந்து ஓரேப் பர்வதத்தின் கெபியில் (குகையில்) தங்கியவருக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின, அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. பின்பு வந்த அமர்ந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டதும், சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார்.

அதிகாலையில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தனியே ஜெபிக்க உட்கார்ந்தால், கடன் தவணையும் மகளின் தேர்வும் எனக்குள் பெருங்காற்றாக வீசுகின்றன. அவை ஓயும்வரை எழுந்துவிடாமல் இருப்பதுதான் கடினம். எலியாவுக்கோ அந்த அமைதியில் ஒரு கேள்வியும், தமஸ்குவின் வனாந்தரத்துக்குத் திரும்பிப் போகும்படியான கட்டளையும் கிடைத்தன.