தயிர்ச் சட்டிக்குள் பெப்டைடு வாசல்கள்

நாகர்கோவில் வீடுகளில் இரவு உறை ஊற்றிய பால் காலையில் தயிராக, பாக்டீரியா முதலில் சாப்பிட வேண்டும். பாலில், புரதத்தின் அடிப்படை அலகான அமினோ அமிலம் தனியாகக் கிடைப்பது மிகக் குறைவு. புரதத்தில் பெரும்பங்கு கேசீன். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா தன் செல்சுவரிலுள்ள நொதியால் கேசீனை வெட்டி, பெப்டைடு எனப்படும் அத்துண்டுகளை ஓபிபி என்ற கடத்தியால் உள்ளே இழுக்கிறது. இந்தக் கடத்தியின் பகுதிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஓபிபி-ஏ. செல்சவ்வின் வெளிப்புறத்தில் கொழுப்பு நங்கூரத்தில் நிற்கும் இது, 4 முதல் 35 அமினோ அமிலம் வரை நீளமுள்ள துண்டுகளைப் பிடிக்கும்! ஓபிபி-பி, ஓபிபி-சி சவ்வினூடே வழி அமைக்கின்றன. உட்புறத்திலுள்ள ஓபிபி-டி, ஓபிபி-எஃப் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உடைத்து அவ்வழியை இயக்குகின்றன. இரண்டு மூன்று அமினோ அமிலத் துண்டுகளுக்கு டிடிபி-டி என்ற வேறொரு கடத்தி தனியே உண்டு. அதற்குப் புரோட்டான் பாய்வே போதும். ஆனால் ஓபிபி பழுதானால், டிடிபி-டி இருந்தும் பாலில் வளர்ச்சி நின்றுவிடும். ஏனெனில் நொதி வெட்டித் தருவது பெரும்பாலும் நீளத் துண்டுகளே.